இருபத்தொன்பதாம் பிரிவும் ஒரு வாக்காளர் பெயரும்

வாக்குரிமை குடிமக்களுக்கே உரியது என்று ஒருவர் சொன்னால் நம்மில் எவரும் மறுத்துப் பேசமாட்டோம். நம் நாட்டு அரசியலமைப்பின் 326-ஆம் உறுப்பும் அதையே விதிக்கின்றது. அயல்நாட்டார் ஒருவர் நம் ஊரில் இருபது ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்தாலும் நம் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. அதனை அநீதி என்று நாம் கருதுவதுமில்லை. ஆயினும் இந்த எளிய விதிக்கு அடியில் இன்னொரு கேள்வி புதைந்து கிடக்கிறது. குடிமகன் யார் என்று வரையறுப்பவர் யார்? அந்த வரையறை வாக்காளர் பட்டியலுக்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா? ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டிருந்த மக்களின் காலடியிலிருந்து குடியுரிமையை உருவிவிட்டு, 'குடிமகன் அல்லாதவனுக்கு வாக்கு இல்லை' என்று கூறினால் அதனை என்னென்பது? நமக்கு மிக அருகில், பாக் நீரிணைக்கு அப்பால், 1948, 1949 ஆகிய ஈராண்டுகளில் இது நிகழ்ந்தது.

அந்த வரலாற்றை ஒரு வழக்கிலிருந்து தொடங்குவது நலம். 1950-ஆம் ஆண்டுக்குரிய வாக்காளர் பட்டியலை இலங்கை அதிகாரிகள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டார். நீர் இலங்கைக் குடிமகன் அல்லர் என்று கூறிப் பதிவு அதிகாரியான முதனாயக்க மறுத்துவிட்டார். பட்டியலைத் திருத்தும் பொறுப்பிலிருந்த அதிகாரி சிவஞானசுந்தரம் முன் முறையீடு வந்தது. அவர் விண்ணப்பத்தை மட்டும் பார்க்கவில்லை. விண்ணப்பத்தைத் தடுத்த சட்டத்தையே எடுத்துப் பார்த்தார். குடியுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் நாட்டின் அரசியலமைப்பினது 29-ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று தீர்ப்பளித்தார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் ஓர் அதிகாரி நாடாளுமன்றத்தின் சட்டம் செல்லாது என்று எழுதுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை அரசு அலுவலில் இருப்போர் அறிவர்.

அந்த 29-ஆம் பிரிவு யாது? சோல்பரி ஆணைக்குழுவின் பரிந்துரையின்மேல் எழுந்த அரசியலமைப்போடு இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. அதன் 29-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் முழு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, உடனே அந்த அதிகாரத்துக்கு ஒரு வேலியும் கட்டியது. ஒரு சமூகத்தினருக்கோ சமயத்தினருக்கோ மட்டும் இடையூறு விளைவித்து, மற்றவர்களை அதற்கு ஆளாக்காது விடும் சட்டம் எதையும் இயற்றக்கூடாது; அவ்வாறு இயற்றினால் அச்சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது. சிறுபான்மையினர் இந்த ஒரு வேலியை நம்பித்தான் விடுதலைக்குத் தலையசைத்தார்கள் என்று சொன்னாலும் மிகையாகாது. வேலி கட்டிய ஈரம் காயுமுன்னே அது எப்படித் தாண்டப்பட்டது என்பதே நம் பொருள்.

தாண்டப்பட்ட மக்கள் யார் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட ஏழை மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1946-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் ஏறத்தாழ 780,000 பேர். இலங்கையின் மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவர் எனலாம். அவர்களுள் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இந்தியா என்பது பலருக்குப் பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் மட்டுமே.

அவர்களுடைய வாக்குரிமை ஒரே நாளில் பறிபோகவில்லை. 1928-இல் டொனமூர் ஆணைக்குழு ஆண் பெண் இருபாலார்க்கும் வயதுவந்தோர் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபோது, ஐந்தாண்டுகள் நாட்டில் வசித்திருந்தால் போதும் என்றுதான் கூறியது. சட்டநிரூபண சபையிலிருந்த சிங்களத் தலைவர்கள் அஞ்சினார்கள். மலைநாட்டுத் தொகுதிகள் தோட்டத் தொழிலாளரின் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை நாம் வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிடலாகாது. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிச் சீமையின் காடுகளும் சேனைப் புலங்களும் தோட்டங்களாயின. சிங்கள உழவன் தன் கிராமத்தைச் சுற்றிலும் பிறர்க்குரிய தேயிலையையே கண்டான். அவன் நிலத்தை எடுத்தவன் வெள்ளைத் துரை. ஆனால் அவன் கண்ணில் நாள்தோறும் பட்டவரோ லயத்தில் வாழ்ந்த தமிழ்க் கூலிகள். கோபம் எப்போதும் அருகிலிருப்பவர் மீதே விழும்.

ஆளுநர் ஸ்டான்லி ஓர் இடைவழி கண்டார். 1931-ஆம் ஆண்டின் தேர்தல் ஆணைப்படி, இலங்கையை நிலையான வாழிடமாகக் கொண்டவர்க்கு வாக்கு உண்டு. அஃது இல்லாதவர்க்கு எழுத்தறிவும் சொத்தும் வேண்டும். அல்லது ஐந்தாண்டுகள் வசித்து, இங்கேயே நிலைத்திருப்பேன் என்று உறுதி கூறி ஒரு சான்றிதழ் பெறவேண்டும். ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்தியத் தமிழர் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றனர். 1939-இல் அத்தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. பிறகு 'நிலையான வாழிடம்' என்ற சொல்லுக்கு அதிகாரிகள் இறுக்கமாகப் பொருள்கொள்ளத் தொடங்கினர். 1943-இல் அது சுமார் 168,000-ஆகக் குறைந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படித்த விதம்தான் மாறியது.

அக்காலத்துச் சிறிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லாமல் போவதற்கில்லை. 1937-ஆம் ஆண்டில் கிராமச் சபைகளின் தேர்தல் பற்றிய சட்டத்தைத் திருத்த முனைந்தபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கு வாக்கு இல்லை என்று மசோதாவில் வெளிப்படையாகவே எழுதினார்கள். இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. இன வேற்றுமை காட்டும் சொற்களை நீக்கும்படி லண்டனும் வற்புறுத்தியது. நீக்கினார்கள். 'இந்திய' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் எந்தத் தொழிலாளிக்கும் வாக்கு இல்லை என்று மாற்றினார்கள். தோட்டத்து லயங்களில் குடியிருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லாமலே ஒரு மக்களைச் சுட்டும் கலையை அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் அப்போதே பழகிவிட்டார்கள். பின்னர் நடந்த பெரிய காரியத்துக்கு அது ஓர் ஒத்திகை என்றே நான் கருதுகிறேன்.

1947 தேர்தலில் பழைய ஆணையின்படியே வாக்களிப்பு நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 95 இடங்களில் ஏழு இடங்களை இலங்கை இந்தியக் காங்கிரசு வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றவர்களுள் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. முதல் தலைமை அமைச்சர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு இதனை நன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தது.

அடுத்த ஆண்டு, 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி அந்த மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. இலங்கையில் பிறந்தவர் ஒருவர் வம்சாவழிக் குடிமகன் ஆகவேண்டுமாயின், அவர் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இவ்விதம் வராதவர்களுக்குப் பதிவுக் குடியுரிமை என்று இன்னொரு வாயில் இருந்தது. நாட்டுக்குச் சிறந்த தொண்டாற்றியவர் என்ற முறையில் ஆண்டுக்கு 25 பேருக்கு மேற்படாமல் அமைச்சர் வழங்கலாம் என்பதும் அதில் அடங்கும். இந்தச் சட்டத்தின் எந்த வரியிலும் 'தமிழன்' என்றோ 'இந்தியன்' என்றோ ஒரு சொல் கிடையாது.

வாசகர்கள் ஒரு கணம் தங்கள் குடும்பத்தை எண்ணிப் பார்க்கட்டும். உங்கள் பூட்டனார் எந்த ஊரில் பிறந்தார்? தாள் காட்டி மெய்ப்பிக்க முடியுமா? பங்குத்தந்தை என்ற முறையில் பழைய திருமுழுக்கு ஏடுகளை நான் அடிக்கடி புரட்ட நேரிடுகிறது. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், குருவின் கையொப்பம் என்பவை இருக்கும். பாட்டனின் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது. கோவிலையும் ஏட்டையும் ஒழுங்காகப் பேணிய நம்முடைய நிலையே இதுவென்றால், கங்காணியின் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெதிலும் பெயர் ஏறாத ஒருவன் என்ன செய்வான்? உண்மையில் சிங்கள உழவரிலும் யாழ்ப்பாணத்துத் தமிழரிலும் பலரால்கூட இந்தச் சான்றுகளைக் காட்டியிருக்க முடியாது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. வினா ஒரு சாராரிடம் மட்டுமே தொடுக்கப்பட்டது.

1949-இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், நீண்ட காலம் வாழ்ந்தவர்க்குக் குடியுரிமை கொடுப்பதாகச் சொன்னது. 1946 சனவரி 1-க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும். மனைவி மக்களும் உடன் வசித்திருக்க வேண்டும். போதிய வருவாய் வேண்டும். ஈராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் தங்கியிருந்தால் 'இடையறாத' என்ற சொல் முறிந்துபோகும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன மனைவி, முதிய பெற்றோரைப் பார்க்கப் போன மகன் ஆகியோரின் பயணங்களெல்லாம் ஐயத்துக்குரிய சான்றுகளாயின. ஊருக்குப் பணம் அனுப்பியதும்கூட, நீ இங்கே நிலைத்தவன் அல்லன் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரசு பின்னர் மனம் மாறியது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் சுமார் 237,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த விசாரணைகளின் முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர்.

மூன்றாவது சட்டம் மிகச் சிறியது. 1949-இன் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், இலங்கைக் குடிமகன் அல்லாதவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாகாது என்றது. நாம் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட அதே நியாயமான விதிதான். தனியே எடுத்துப் பார்த்தால் மூன்று சட்டங்களிலும் குற்றம் காண்பது கடினம். குடியுரிமையை வரையறுப்பது எந்த நாட்டின் உரிமையும் ஆகும். பதிவுக்குக் காலவரம்பு வைப்பது நிருவாக வழக்கம். வாக்கு குடிமகனுக்கே என்பது உலக நெறி. மூன்றையும் அடுக்கிவைத்துப் பார்த்தால்தான், 1947-இல் வாக்களித்த ஒரு சமூகம் 1952-இல் வாக்குச்சாவடிக்கு வெளியே நிற்பது தெரியும்.

இதே 1948-ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அரசியலமைப்பு இன்னும் முடிவாகவில்லை. பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் கையில் ஒரு தாளும் இல்லாமல் எல்லை கடந்து வந்துகொண்டிருந்தார்கள். முதல் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிய அரசியல் நிர்ணய சபைச் செயலகம், இந்த நாட்டிலே நிலையாக வாழப்போகிறேன் என்று அகதி ஒருவர் எழுதிக்கொடுத்தால் போதும், அவரைத் தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாகாணங்களுக்கு வழிகாட்டியது. ஒரு நாடு தாள் இல்லாதவரை வாய்ச்சொல்லை நம்பி உள்ளே எடுத்தபோது, பக்கத்து நாடு பட்டியலில் ஏற்கெனவே இருந்தவரைத் தாள் கேட்டு வெளியே அனுப்பியது. நம் நாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இக்கட்டுரையின் முடிவில் அந்தப் புகழுக்கு இடமிராது.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. முதற்சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரசுத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரவையில் இடம்பெற்றபின் இரண்டாம் சட்டத்தை ஆதரித்தார். இன்று தோட்டத் தமிழர்க்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்துப் பிரிந்தவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம்; 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது இந்தப் பிளவிலிருந்தே. சிங்களவருள்ளும் இடதுசாரித் தலைவர்கள் நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். கோடகன் பிள்ளை வாக்குக் கேட்ட அதே ருவன்வெல்லைத் தொகுதியின் உறுப்பினர் என்.எம். பெரேரா அவர்களுள் ஒருவர். ஆகவே இதனை முழுதும் சிங்களர் தமிழர் வழக்காகச் சுருக்கிவிடலாகாது.

இப்போது வழக்குக்கு வருவோம். சிவஞானசுந்தரத்தின் தீர்ப்பை எதிர்த்து அரசுத்தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1951-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன; அவை எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை; சட்டத்தை இயற்றியோரின் உள்நோக்கத்தையும் நடைமுறையில் அது யாரைத் தாக்குகிறது என்பதையும் ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அதன் கருத்தின் சாரம். கோடகன் பிள்ளை லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார்.

பிரிவி கவுன்சில் 1953-இல் அளித்த தீர்ப்பு சற்று நுட்பமானது. நேராகச் செய்யக்கூடாததை நாடாளுமன்றம் சுற்றுவழியிலும் செய்யலாகாது என்ற கோட்பாட்டை அது ஏற்றுக்கொண்டது. இதைப் படிக்கும்போது, இனி நியாயம் கிடைத்துவிடும் என்றே தோன்றும். ஆனால் அடுத்த படியில், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான கடமை என்றது. தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் பழக்கமுடையோர் என்பது குடியுரிமைக்கு அவர்கள் தகுதியுடையவரா என்பதைப் பற்றிய செய்தியேயன்றி, ஒரு சமூகமாக அவர்களைப் பற்றியதன்று என்றும் விளக்கியது. மேலும் 1949-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கென்றே ஒரு வாயிலைத் திறந்திருக்கிறதே, பிறகு எப்படி அவர்களை விலக்கும் நோக்கம் இருந்ததாகச் சொல்லமுடியும் என்றது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

அந்த வாயில் எத்துணை ஒடுங்கியது என்பதை மேலே கண்டோம். ஒடுங்கிய வாயிலைக் காட்டி, வாயில் இருக்கிறது அல்லவா என்று கேட்பது தருக்கத்துக்குப் பொருந்தலாம். எழுத்து கொல்லும், ஆவியோ வாழ்விக்கும் என்னும் பவுலடியாரின் போதனையை நாம் மறையுரைகளில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். பெரும்பாலும் அது யூதச் சட்டத்தைப் பற்றியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு நாட்டின் நாணயமான நீதிபதிகள், எவரிடமும் கையூட்டு வாங்காதவர்கள், சொல்லுக்குச் சொல் சரியாகப் படித்து ஒரு சமூகத்தின் அரசியல் வாழ்வை முடித்துவைக்க இயலும் என்பதை இந்த வழக்கைப் போல் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்தவரை அரிது.

அதே பவுலடியாரின் வாழ்வில் இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கவிருந்தபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் சொல்கிறார். தான் பெருந்தொகை கொடுத்து அந்த உரிமையைப் பெற்றதாக ஆயிரத்தவர் தலைவன் கூறுகிறான். தாமோ பிறப்பிலேயே குடிமகன் என்கிறார் பவுல். பிறப்பால் ஒரு குடியுரிமை, பெற்றுக்கொண்ட ஒரு குடியுரிமை என்ற வேறுபாடு அவ்வளவு பழையது. ஆனால் அங்கே பவுலிடம் எவரும் பாட்டனார் பிறந்த ஊரைக் கேட்கவில்லை. அவர் வாய்ச்சொல் போதுமானதாயிருந்தது. அடிக்கவிருந்தவர்கள் உடனே விலகினார்கள்; தலைவனும் அஞ்சினான்.

1952-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை இந்தியக் காங்கிரசு கொழும்பில் சத்தியாகிரகம் தொடங்கி மாதக்கணக்கில் நடத்தியது. பயன் விளையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இதைவிட வியப்பான செய்தி தொகுதிக் கணக்கில் இருக்கிறது. மாகாணங்களுக்கு இடங்களை ஒதுக்கும்போது குடிமக்களை மட்டும் எண்ணவில்லை. மொத்த மக்கள்தொகையையும் பரப்பளவையும் எண்ணினார்கள். ஆகவே தோட்ட மக்கள் தலைக்கணக்கில் இடம்பெற்றார்கள், வாக்குக்கணக்கில் இடம்பெறவில்லை. அவர்களுடைய எண்ணிக்கையால் மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களை மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஊமையாக்கப்பட்டவரின் தலைக்கும் ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது.

1964-இல் பிரிவி கவுன்சிலே, கையூட்டுக் குற்றம் பற்றிய வேறொரு வழக்கில், 29-ஆம் பிரிவின் காப்புகளை இலங்கை மக்கள் தமக்குள் செய்துகொண்ட உரிமைச் சமநிலை என்று உயர்வாகப் பேசியது. மலையகத்தார்க்கு அது பதினோராண்டு தாமதமாக வந்த பாராட்டு. 1972-ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு இல்லாமலே போயிற்று.

அந்த 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்றுதான் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாத்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. 1974-இல் இந்திரா காந்தி அந்த எஞ்சியவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள இசைந்தார். உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களை அழைத்துப் பேசியபின் எழுதப்பட்ட எண்கள் அல்ல இவை. தலைமன்னார்க் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாம் வழியாக எங்கெங்கோ சிதறின. நீலகிரியில் அவர்களைக் குடியமர்த்தவே அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பங்குகளில் பணிபுரிந்த குருக்கள் அவர்களை நன்கறிவர். அங்கே இந்தியத் தமிழர் என்று விலக்கப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் முதியவர்கள் இன்றும் குடியுரிமை என்று சொல்வதில்லை, 'பிரஜாவுரிமை' என்றே சொல்வார்கள். எங்கள் பங்கிலிருந்த ஒரு பாட்டி அச்சொல்லை நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அங்கேயே தங்கியவர்களின் நிலை மெல்ல மாறியது. 1977-இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வென்றார். முப்பது ஆண்டுகளுக்குப்பின் மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் புகுந்தது அப்போதுதான். 1972-இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ் போன்றோர் தோட்ட மக்களின் உரிமைக்காக இனம் கடந்து உழைத்தார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்தன. இறுதியாக 2003-இல் இயற்றிய 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களே என்றது. சிலருக்கு ஓர் எழுத்துமூல அறிவிப்பே போதுமாயிருந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையோடு சில நாள்களிலேயே சுமார் 190,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். பத்தாண்டுக்கு மேல் விசாரித்தும் 1949-ஆம் ஆண்டின் சட்டம் செய்ய மறுத்ததை, ஒரு படிவம் சில நாள்களில் செய்து முடித்தது. பாட்டன் பூட்டன் பிறந்த ஊரால் நாட்டுக்கு எந்தக் கேடும் விளைந்துவிடவில்லை.

ஆனால் அதே 2003 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. உரிய ஆவணமின்றி வந்தவர்கள் 'சட்டவிரோதமாகக் குடியேறியோர்' என்ற வகைக்குள் அடங்கினர். பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழி அவர்களுக்கு அடைபட்டது. 1983-க்குப் பின் படகேறி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியவர்களுள் மலையகத்தைச் சேர்ந்தோரும் பல ஆயிரவர் உண்டு; 1977-ஆம் ஆண்டு வன்முறையால் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கிருந்தும் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். திருச்சியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் அதே மாவட்டங்களின் முகாம்களில் அகதிகளாகப் பெயர் கொடுத்தார்கள். இத்தகைய குடும்பங்களின் குடியுரிமை விண்ணப்பங்களை முறைப்படி ஆராய்ந்து முடிவுசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2019 சூனில் கூறியது.

இந்தியச் சட்டத்தில் அவர்களுக்கு உதவும் வரி ஒன்று உண்டு. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபத்திலும் பிற முகாம்களிலும் அந்த இடைக்காலத்தில் பிறந்தவர்களுக்கு இந்த உரிமை உண்டு. அவ்வாறு முகாமில் பிறந்த ஒருவர் மதுரை அமர்வின் ஆணையால் 2022-இல் கடவுச்சீட்டுப் பெற்று, 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். பிறப்பைப் பதியாமல் விட்டவர்களுக்கு நாளும் ஊரும் எழுதப்பட்ட வேறு சான்று வேண்டும். அத்தகைய முகாம்களுக்கு அருகிலுள்ள பங்குகளில் 1983 முதல் 1987 வரையிலான திருமுழுக்கு ஏடுகளைக் குருக்களும் பங்குப் பேரவையினரும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, கறையான் அரிக்காத இடத்தில் வைத்து, கேட்டு வருவோருக்குத் தாமதமின்றி நகல் கொடுப்பார்களாக.